கழறுதலும் பரிசிலும்: பேகனைப் பற்றிய புறப்பாடல்களில் நட்பின் திருத்தும் உரிமை

முன்னுரை

நண்பரிடமோ வாழ்க்கைத் துணையிடமோ ஒரு குறையைக் காணும்போது அதைச் சொல்லலாமா, சொல்வதாயின் எந்த உரிமையில், எந்த முறையில் சொல்வது என்னும் வினா எக்காலத்துக்கும் உரியது. தமிழ் மரபு இவ்வினாவைப் பொதுவான அறவுரையாக விட்டுவிடவில்லை. கழறுதல், இடித்துரைத்தல், வரை நிறுத்தல் எனத் தனித்தனிச் சொற்கள் இட்டு, யார் யாரிடம் எப்போது சொல்லலாம் என்பதை இலக்கணமாகவே வகுத்துள்ளது. அவ்வகையில் புறநானூற்றின் 143 முதல் 147 வரையுள்ள ஐந்து பாடல்கள் தனிக் கவனத்திற்கு உரியன. மனைவியைத் துறந்து வாழ்ந்த வையாவிக் கோப்பெரும் பேகனிடம், அவனைப் பாடிப் பரிசில் பெற வந்த புலவர்கள், அவள்பால் திரும்புமாறு வேண்டும் பாடல்கள் அவை.

வட அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் இப்பாடல்களைப் பல ஆண்டுகளாகக் கற்பித்து வருகிறேன். ஜார்ஜ் ஹார்ட்டும் ஹாங்க் ஹைஃபெட்ஸும் 1999இல் வெளியிட்ட முழு மொழிபெயர்ப்பின் வழியே புறநானூற்றுக்குள் நுழையும் மாணவர்கள், போர்ப் பாடல்களையும் கையறுநிலைப் பாடல்களையும் எளிதில் ஏற்றுக்கொள்கின்றனர். பேகனிடம் வந்ததும் ஒரு தடை எழுகிறது. கணவன் மனைவிக்கு இடைப்பட்ட ஒன்றில் தலையிட இப்புலவர்களுக்கு என்ன உரிமை என்று கேட்கின்றனர். தமிழ்க் குடும்பங்களிலிருந்து வரும் மாணவர்களே இதனை மிகுந்த வேகத்துடன் கேட்கின்றனர் என்பதையும் கண்டிருக்கிறேன்.

இப்பாடல்கள் பேகனின் வாழ்க்கை வரலாற்றுக்குச் சான்றாகவோ, புலவர்களின் அஞ்சாமைக்கு எடுத்துக்காட்டாகவோ படிக்கப்படுவது வழக்கம். இரண்டும் பொருந்துவனவே. ஆயினும் மாணவர்களின் வினாவுக்கு அவ்விரண்டும் விடை தருவதில்லை. திருத்தும் உரிமை எங்கிருந்து பிறக்கிறது என்பதற்கு இப்பாடல்களே ஒரு விடையைத் தம் அமைப்பில் கொண்டுள்ளன என்பதும், அவ்விடைக்கு ஓர் எல்லையும் அப்பாடல்களிலேயே உண்டு என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும்.

பாடல்களின் வரிசை

ஐந்து பாடல்களையும் அவற்றுக்கு முன்னுள்ள இரண்டோடு சேர்த்துப் படித்தல் வேண்டும். 141, 142 ஆகிய இரண்டும் பரணர் பேகனைப் புகழ்ந்து பாடியவை. முன்னது, மயில் உடுத்துக்கொள்ளாது, போர்த்துக்கொள்ளாது என்று அறிந்திருந்தும் அதற்குப் போர்வை அளித்தவன் என்று அவனைப் பாராட்டுகிறது. பின்னது, வறண்ட குளத்திலும் அகன்ற வயலிலும் பெய்வதோடு நில்லாமல் களர் நிலத்திலும் பெய்யும் மழைக்கு அவனை ஒப்பிடுகிறது. தகுதி பாராது கொடுக்கும் இவ்வியல்பே கொடைமடம் எனப்பட்டது.

இவற்றை அடுத்தே வேண்டுகோள் பாடல்கள் தொடங்குகின்றன. 143 கபிலர் பாடியது. 144, 145 பரணர் பாடியவை. 146 அரிசில் கிழாரும் 147 பெருங்குன்றூர் கிழாரும் பாடியவை. ஆகவே புகழ்ந்த பரணரே பின்னர்க் கழறுகிறார். புகழ்ச்சி முதலில் அமைந்திருப்பதால், கழறுதல் பகைவனின் சொல்லாக ஒலிக்கவில்லை. அவனுடைய நற்பண்பை நன்கு அறிந்தவரின் சொல்லாகவே ஒலிக்கிறது. தொகுத்தோர் இவ்வைந்தையும் பெருந்திணையில் வைத்துக் குறுங்கலி என்று துறை வகுத்தனர். அகத்துக்கு உரிய ஒரு துயர் புறத்தில் இடம்பெற நேர்ந்ததன் அடையாளம் அத்திணைப் பெயரிலேயே உள்ளது.

ஐந்து பாடல்கள், நான்கு குரல்கள்

கபிலர் குற்றம் சாட்டவே இல்லை. சுரம் கடந்து வந்த தம் சுற்றத்தார் பசித்திருந்ததால், முந்தைய நாள் மலைச் சிற்றூர் ஒன்றின் வாயிலில் நின்று பேகனையும் அவன் மலையையும் பாடியதாகவும், அதைக் கேட்ட ஒரு பெண் கண்ணீரை நிறுத்த மாட்டாமல் குழல் இரங்குவதுபோல் அழுததாகவும் கூறி, இரங்கத்தக்க அவள் யார் என்று மட்டும் கேட்கிறார். அவள் யார் என்பது கபிலருக்குத் தெரியாதிருந்திருக்கும் என்று கொள்ள இடமில்லை. விடையைப் பேகனே சொல்லிக்கொள்ளட்டும் என்று வினாவோடு நிறுத்திக்கொள்கிறார். குறையைச் சொல்லும் முறைகளுள் மிக மென்மையானது இது. கேட்பவனை அவனுக்கே நீதிபதியாக்குவதால் மிகக் கடுமையானதும் இதுவே எனலாம்.

பரணர் 144இல் நேரடியாகத் தொடங்குகிறார். நீ அருளாமை கொடியது என்பதே முதற்கூற்று. அதன்பின் அவளுடைய சொல்லையே கொண்டுவந்து முன் வைக்கிறார். எம் நட்பை விரும்பும் அவனுக்கு நீ உறவோ என்று அவளைத் தொழுது கேட்டபோது, விரல்களால் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு, தான் அவன் உறவல்லள் என்றும், தன்னைப் போன்ற இன்னொருத்தியின் நலத்தை விரும்பி அவன் தேர் ஒலிக்க நாள்தோறும் முல்லை வேலி சூழ்ந்த ஊருக்கு வருவதாகச் சொல்கிறார்கள் என்றும் அவள் கூறியதாக அப்பாடல் முடிகிறது. பேகனைத் தம்மை நேசிக்கும் நண்பன் என்று புலவர் குறிப்பிடுவது கவனிக்கத்தக்கது. உரிமை அங்கேதான் நிறுவப்படுகிறது. புரவலன் என்னும் முறையில் பேகன் மேலே இருக்கிறான். நண்பன் என்னும் முறையில் இருவரும் ஒரே தளத்தில் நிற்கின்றனர்.

145இல் அதே பரணர் மயிலை மீண்டும் அழைக்கிறார். மயில் குளிரால் நடுங்கும் என்று அருள் கொண்டு போர்வை ஈந்தவனே என விளித்துவிட்டு, பசித்து வரவில்லை, தாங்க வேண்டிய சுற்றமும் இல்லை, தாம் இரக்கும் பரிசில் ஒன்றே என்கிறார். இன்றிரவே தேரேறிச் சென்று, துயரோடு வாழ்பவளின் வருத்தத்தைக் களைதலே அப்பரிசில். அருளை விரும்புபவனே என்று அவனை விளிப்பதும் இப்பாடலில்தான். அருளாமை கொடியது என்று தொடங்கிய புலவர், அடுத்த பாடலில் அவனை அருள் விரும்பி என்று அழைக்கிறார். இதில் முரண் ஏதுமில்லை. அவனிடம் இல்லாத ஒன்றைப் புகுத்த முயலாமல், அவனிடம் இருப்பதை அவனுக்கு நினைவூட்டுவதே இம்முறை.

அரிசில் கிழார் நின் அரிய அணிகலன்கள் அப்படியே இருக்கட்டும், அவை வேண்டா என்கிறார். பரிசில் நல்குவதற்கும் மனைவிக்கு நல்காமைக்கும் இப்பாடலில் ஒரே வினைச்சொல்லே ஆளப்படுகிறது. எனக்கு நல்க விரும்பினால் அவளுக்கு நல்கு என்பது அதன் சாரம். அவள் கூந்தலுக்கு இங்கு வரும் உவமை மயிலின் தோகையாகும். மயிலுக்குப் போர்வை தந்தவனின் மனைவி, பூவும் புகையும் இன்றி இருக்கிறாள். முந்தைய பாடல்களைக் கேட்டவருக்கு இந்த உவமை அழகை மட்டும் சொல்வதாகத் தோன்றாது.

பெருங்குன்றூர் கிழாரின் பாடலில் அவள் தனித்து ஒருபுறம் இருந்து மழைத்துளியின் ஓசையைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். எண்ணெய் துறந்த அவள் கூந்தல் மாசற மண்ணப்பட்டுப் புதுமலர் சூடும்படி இன்றே நீ புறப்படுவாயானால் அதுவே எங்கள் பரிசில் என்று முடிகிறது அப்பாடல். களர் நிலத்திலும் பெய்யும் மழையாகப் பேகனைப் பாடிய 142ஆம் பாடலை இதனருகே வைத்தால், மழை எல்லா இடத்தும் பெய்கிறது, ஒரு வீட்டில் மட்டும் அதன் ஓசையே கேட்கிறது என்ற பொருள் தோன்றுகிறது. புலவர் இருவரும் இதைத் திட்டமிட்டனர் என்று நான் கூற முன்வரவில்லை. தொகை நூலின் வரிசை இப்படிப் படிக்க இடம் தருகிறது என்பதே என் கருத்து.

தேரையும் இவ்வாறே நோக்கலாம். 144இல் அது இன்னொருத்தியின் ஊரை நோக்கி ஒலிக்கிறது. 145இலும் 146இலும் அதே தேரைத்தான் வீட்டை நோக்கிச் செலுத்தச் சொல்கின்றனர். கொடையும் அருளும் தேரும் ஏற்கெனவே அவனிடம் உள்ளன. புலவர்கள் கேட்பது திசை மாற்றம் ஒன்றையே.

உரிமையின் விலை

தொல்காப்பியக் கற்பியல் இடித்து வரை நிறுத்தும் உரிமையை அறிவர்க்கு அளிக்கிறது. கிழவனும் கிழத்தியும் ஆகிய இருவரும் அவர்தம் வரையில் நிற்பவர்கள் என்பதே அதற்கு அது கூறும் காரணம். வயதோ குலமோ அங்குக் காரணமாகக் கூறப்படவில்லை. இருவராலும் ஏற்கப்பட்டிருத்தலே அடிப்படை. பேகனைப் பாடிய புலவர்கள் அவன் கொடையால் வாழ்பவர்கள். அவன் சினந்தால் அவர்கள் இழப்பது மிகுதி. அந்நிலையில் அவர்கள் தம் உரிமையை எவ்வாறு பெறுகின்றனர்?

பரிசிலைத் துறப்பதால் பெறுகின்றனர் என்பதே என் விடை. புறநானூற்றில் பரிசில் வேண்டுதல் புலவரின் வாழ்வாதாரம். சுற்றத்தின் பசியை எடுத்துரைத்துப் பரிசில் கேட்கும் பாடல்கள் அத்தொகையில் பல. கபிலரின் பாடலிலேயே அப்பசி உள்ளது. இப்பின்னணியில் பசித்து வரவில்லை என்று பரணர் சொல்வதும், அணிகலன் வேண்டா என்று அரிசில் கிழார் சொல்வதும் வெறும் நயமொழிகள் ஆகா. பிறர் திருந்த வேண்டும் என்று கேட்பவர், அக்கேள்விக்காகத் தம் பங்கை விட்டுக்கொடுக்கிறார். அவனது திருத்தத்தைத் தமக்கான கொடையாக ஏற்க முன்வருகிறார். அறிவுரை அளிப்பவர் கொடுப்பவராகவும் கேட்பவர் பெறுபவராகவும் இருப்பது உலக வழக்கு. இங்கு அது தலைகீழாகிறது. திருந்துபவன் கொடுப்பவனாகிறான், திருத்துபவர் இரப்பவராகிறார். கேட்பவனின் மானம் இதனால் காக்கப்படுகிறது.

கிரேக்க மரபோடு ஒப்பிட்டால் இதன் தனித்தன்மை விளங்கும். புளூட்டார்க், முகத்துதி செய்பவனையும் நண்பனையும் வேறுபடுத்தி அறிவது பற்றிய தம் கட்டுரையில், நண்பனின் வெளிப்படைப் பேச்சுக்குப் பல விதிகள் கூறுகிறார். தக்க காலம் பார்க்க வேண்டும். பலர் முன்னிலையில் கண்டிக்கலாகாது. குறிப்பாக மனைவி கேட்கக் கணவனின் குறையை எடுத்துரைப்பது தகாது என்கிறார். பேகன் பாடல்களோ அவள் கண்ணீரையே அவைக்குக் கொண்டுவருகின்றன. புளூட்டார்க் சொல்பவரின் நாவடக்கத்தைப் பேணுகிறார். நம் புலவர்கள் துயருற்றவளின் இருப்பைப் பேணுகின்றனர். முன்னதில் நண்பர் இருவர் உள்ளனர். பின்னதில் மூன்றாமவர் ஒருவரும் உள்ளார், அவர் பொருட்டே பேச்சு எழுகிறது.

கையில்லாதவன் முன்

எனினும் கழறுதல் எப்போதும் பயன் தருவதன்று. இதைக் கேட்பவன் பக்கமிருந்து சொல்வது குறுந்தொகையின் 58ஆம் பாடல். வெள்ளிவீதியார் என்னும் பெண்பாற் புலவர், பாங்கனால் கழறப்பட்ட தலைவனின் குரலில் பாடியது. வெயில் காயும் பாறையில் வெண்ணெய் உருகிப் பரவுகிறது. அதைக் காவல் காப்பவனுக்குக் கையில்லை, வாயும் பேசாது. கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கவே அவனால் இயலும். தன் நோயும் அத்தகையது, நண்பர்களே, உங்களால் அதை நிறுத்த முடியுமாயின் நன்று என்கிறான் தலைவன்.

கழறுபவன் காணத் தவறுவது இதைத்தான். அறிந்தும் இயலாதவனுக்கு மேலும் அறிவு புகட்டுவதால் என்ன பயன்? அகப்பொருள் மரபு இவ்விடத்தில் நின்றுவிடவில்லை என்பது சிறப்பு. பாங்கற் கூட்டம் என்னும் அமைப்பில், கழறிய பாங்கன் தலைவன் சொன்ன இடத்துக்குத் தானே சென்று தலைவியைக் காண்கிறான். கண்டபின், இவளைக் கண்டும் ஆற்றியிருந்த தலைவன் உறுதியுடையவன் என்று வியக்கிறான். திருத்த வந்தவனே தன் மதிப்பீட்டைத் திருத்திக்கொள்கிறான், அதன்பின் உதவுகிறான். கழறுதலுக்கு அடுத்த படி நேரில் சென்று பார்த்தல் என்பது இவ்வமைப்பு நமக்குக் கூறும் பாடம்.

திருக்குறளில் நட்பு அதிகாரத்தின் வரிசையும் இதற்கு அரண் செய்கிறது. எல்லை மீறும்போது முற்பட்டு இடித்தற்கே நட்பு என்னும் கருத்து 784ஆம் குறளில் உள்ளது. மேடைகளில் பெரும்பாலும் எடுத்தாளப்படுவது இதுவே. ஆனால் அது அங்குத் தனித்து நிற்கவில்லை. மூன்று குறள்களுக்குப் பின்னர், கேட்டிலிருந்து விலக்கி, நல்வழியில் செலுத்தி, கேடு நேர்ந்தபோது உடனிருந்து துன்புறுவதே நட்பு என்கிறார் வள்ளுவர். விலக்குதல் தோற்ற பின்னும் நண்பனுக்குக் கடமை எஞ்சியுள்ளது. அதற்கு அடுத்த குறளில் ஆடை நெகிழ்ந்தவனுக்கு உதவும் கை வருகிறது. குறுந்தொகைத் தலைவனுக்கு இல்லாதிருந்ததும் கைதான். கையில்லாதவனுக்குக் கையாக இராமல் வாயாக மட்டும் இருக்கும் நண்பன், 784ஐ மட்டும் மனப்பாடம் செய்தவன்.

எல்லை: அவள் சொன்னது

இத்துணைச் சிறப்புக்கும் இடையில் இப்பாடல்களில் ஒரு குறை உண்டு. அதைச் சொல்லாமல் விடுவது இக்கட்டுரையின் பொருளுக்கே முரணாகும். ஐந்து பாடல்களில் ஒன்றிலும் அவள் பெயர் இல்லை. கண்ணகி என்னும் பெயர் பாடலின் அடிக்குறிப்பால் மட்டுமே தெரியவருகிறது. நான்கு புலவர்களும் அவள் அழுகையை அறிகின்றனர், அவள் கூந்தலை அறிகின்றனர். அவளுக்கு எது வேண்டும் என்று ஒருவரும் கேட்டதாகப் பாடல்களில் இல்லை.

அவள் பேசுவது ஒரே இடத்தில்தான். அங்கு அவள் சொல்வது தான் அவன் உறவல்லள் என்பது. ஊடலின் கசப்பாக இதைக் கொள்ளலாம். மருதத் தலைவியர் பலரும் அவ்வாறு பேசுபவர்களே. ஆயினும் அவள் உண்மையாகவே சொல்லியிருக்கலாம் என்ற வாசிப்பையும் பாடல் தடுக்கவில்லை. மருதத்தில் பாணன் தலைவனுக்காகத் தலைவியின் வாயிலில் வந்து நிற்பான், தோழி வாயில் மறுப்பாள். பேகன் பாடல்களில் யாழ் மீட்டுவோர் தலைவிக்காகத் தலைவனின் வாயிலில் நிற்கின்றனர். அது பெரிய மாற்றம். ஆனால் வாயிலை மறுக்கும் தோழி இங்கு இல்லை. பேகன் வந்தால் அவள் கதவைத் திறப்பாளா என்பதைக் கேட்க ஆளில்லை. பிறரைத் திருத்த முயலும் நல்லெண்ணம், திருத்தத்தால் பயன்பெறுவார் என்று தான் கருதுபவரின் விருப்பத்தை ஊகித்துக்கொள்ளும் இயல்புடையது. என் மாணவர்களின் தயக்கத்துக்கு உண்மையான அடிப்படை இங்குதான் உள்ளது என்று இப்போது எண்ணுகிறேன்.

பேகன் திரும்பினானா என்பதையும் புறநானூறு கூறவில்லை. சிறுபாணாற்றுப்படை வள்ளல்களை வரிசைப்படுத்தும்போது மயிலுக்குப் போர்வை தந்ததையே கூறி அமைகிறது.

நம் காலத்துக்கு

தன்னைத் தானே உயர்த்திக்கொள்ளுதல் என்னும் கருத்து அச்சு நூல்களின் வழியே பரவிய ஒன்று. சாமுவேல் ஸ்மைல்ஸ் 1859இல் வெளியிட்ட தன்னுதவி பற்றிய நூல் அதன் முன்னோடிகளுள் ஒன்று. தமிழில் எம். எஸ். உதயமூர்த்தியின் ‘எண்ணங்கள்’ போன்றவை பல்லாயிரம் இளைஞர்களுக்கு ஊக்கம் தந்தன. அவற்றின் நன்மையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அந்நூல்கள் தனியே அமர்ந்து படிப்பவனிடம் பேசுகின்றன. தன் குறையைத் தானே காண முடியும் என்பது அவற்றின் அடிப்படை. தான் கொடையாளி என்பதில் ஐயமே இல்லாத பேகனைப் போன்றவனுக்கு அந்நூல்களால் பயன் விளைவது அரிது. அவனுக்கு வேண்டியது வாயிலில் வந்து நின்று, அவள் யார் என்று கேட்கும் ஒரு கபிலர்.

புலம்பெயர்ந்த நம் சமூகத்தில் இவ்வினா கூர்மையாகிறது. பிறர் வாழ்வில் தலையிடாமையை ஒரு நாகரிகமாக நாம் கற்றுக்கொண்டோம். அதில் நன்மையும் உண்டு. ஊர்வாய்க்கு அஞ்சி வாழ்ந்த பெண்கள் பலருக்கு அது விடுதலை தந்தது. ஆயினும் முப்பது ஆண்டுகள் பழகிய என் நண்பர் ஒருவரை இங்கு நினைக்கிறேன். தமிழ்ப் பள்ளிக்கும் நூலகத்துக்கும் துயர்துடைப்புக்கும் முதலில் கொடுப்பவர் அவர். வீட்டில் மனைவியோடு பல ஆண்டுகளாகப் பேச்சில்லை. அவர் வீட்டில் உணவருந்திய நாங்கள் அனைவரும் அதை அறிந்திருந்தோம். விழாக்களில் அவர் கொடையைப் பாராட்டி உரையாற்றியவர்களுள் நானும் ஒருவன். அவ்வம்மையார் மகள் இருக்கும் நகரத்துக்குச் சென்றுவிட்ட பின்னர், உங்களில் ஒருவராவது ஒரு சொல் சொல்லியிருக்கலாமே என்று அவர் என்னிடம் கேட்டார். பேகன் பாடல்களை வகுப்பில் நடத்திவிட்டு வந்த காலத்திலும் அவரிடம் நான் வாய் திறந்ததில்லை.

முடிவுரை

பேகன் பாடல்கள் நட்பின் திருத்தும் உரிமைக்கு மூன்று அடிப்படைகளைக் காட்டுகின்றன. குறையைச் சொல்பவர் முதலில் நிறையை அறிந்தவராக இருத்தல் வேண்டும். சொல்வதற்காகத் தாம் ஒன்றை இழக்க முன்வருதல் வேண்டும். புதிய குணம் ஒன்றைக் கோராமல், இருக்கும் குணத்தைத் துயருற்றவரை நோக்கித் திருப்பக் கேட்டல் வேண்டும். குறுந்தொகையும் குறளும் இவற்றோடு நான்காவதாக ஒன்றைச் சேர்க்கின்றன. சொல்லியபின் கையாக உடனிருத்தல் அது. ஐந்தாவது ஒன்றை இப்பாடல்கள் தம் குறையினாலேயே நமக்குக் கற்பிக்கின்றன. யார் பொருட்டுத் திருத்துகிறோமோ அவரையும் கேட்டல்.

தலையிட என்ன உரிமை என்னும் மாணவர்களின் வினாவுக்கு இனி இவ்வாறு விடை கூறுவேன்: பரிசிலைப் பெற்றுக்கொண்டு வாளாவிருந்தவருக்கு அவ்வுரிமை இல்லை. அதை விடத் துணிந்தவருக்கு உண்டு. அவரும் வீட்டு வாயிலில் சிறிது நேரம் நின்று, உள்ளிருப்பவரின் சொல்லை முதலில் கேட்டல் நன்று.